பவுண்டு முதல் சக்கரப் பூட்டு வரை

பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைக்கும் வழக்கத்தை நம் கிராமத்து முதியோர் நன்கறிவர். ஆங்கிலேய ஆட்சி 1871இல் இயற்றிய கால்நடை அத்துமீறல் சட்டம் அதற்கு விதிகள் வகுத்தது. ‘பவுண்டு’ என்னும் சொல்லோடு அதன் பின்னுள்ள சட்டக் கருத்தும் இங்கிலாந்திலிருந்தே வந்தது. அங்கு அக்கருத்து மாட்டை விட்டு மோட்டார் வண்டிக்குத் தாவிய கதை, பிறர் வாசலில் காரை நிறுத்திச் செல்வோர் பெருகிவிட்ட இக்காலத்தில் நாம் அறியத்தக்கது.

தன் நிலத்துள் புகுந்து சேதம் விளைவிக்கும் கால்நடையைப் பிடித்து, ஈடு கிடைக்கும்வரை தடுத்து வைக்க இடைக்கால இங்கிலாந்தின் பொதுச்சட்டம் நிலத்துக்குரியவனை அனுமதித்தது. நீதிமன்றப் படி ஏறாமலே கிடைத்த நிவாரணம் இது. எனினும் அவ்வுரிமைக்கு எல்லைகள் இருந்தன. பிடித்ததை அவன் விற்கலாகாது, வேலை வாங்கலாகாது, நேர்ந்த சேதத்துக்கு மேல் ஒரு காசும் கேட்கலாகாது.

இருப்புப்பாதைகள் தோன்றியபின் இவ்வுரிமை இயந்திரங்களையும் எட்டியது. 1852இல் நாட்டிங்காம் நகரில் மிட்லண்டு ரயில்வே கம்பெனியார், தம் பாதையில் அத்துமீறி வந்ததாகக் கருதிய போட்டிக் கம்பெனியின் எஞ்சினை மடக்கிக் கொட்டகைக்குள் தள்ளி, அது வெளியேற முடியாதபடி தண்டவாளத்தையே பெயர்த்தனர். அவ்வழக்கு 1853இல் நீதிமன்றம் சென்றது. மாட்டுக்குரிய விதி எஞ்சினுக்கும் பொருந்தும் என்பது அதன்வழி நிலைபெற்றது. விந்தை யாதெனில், 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் இப்பழைய உரிமையைக் கால்நடைகளைப் பொறுத்தவரை ஒழித்துவிட்டது. ஏனைய பொருள்களுக்கு அது எஞ்சி நின்றது.

அமெரிக்காவின் டென்வர் நகரக் காவல்துறை 1955இல் கையாளத் தொடங்கிய சக்கரப் பூட்டு, பின்னர் பிரிட்டனில் தனியார் கைக்கும் வந்தது. ஸ்காட்லாந்து நீதிமன்றம் 1992இல் அதனை மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றம் என்றே தீர்த்தது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, டுரூரோ நகரத்து வழக்கொன்றில் 1995இல் வேறு வழி கண்டது. சேதம் மெய்ப்பிக்கப்படாமையால் பழைய உரிமை அங்கே செல்லாது. ஆயின் எச்சரிக்கைப் பலகையைக் கண்டும் வண்டியை நிறுத்தியவர் பூட்டுக்கு இசைந்தவரே என்றது. கட்டணம் நியாயமாக இருக்கவேண்டும், செலுத்தியதும் வண்டியை உடனே விடவேண்டும் என்றும் வரையறுத்தது.

அவ்வரையறையைப் பூட்டு வணிகர் பலர் மதிக்கவில்லை. கண்ணில் படாத பலகைகள், மிகையான கட்டணங்கள் எனப் புகார்கள் குவிந்தன. முடிவில் 2012ஆம் ஆண்டின் சட்டம், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் உரிய அதிகாரமின்றி வண்டியைப் பூட்டுவதையும் இழுத்துச் செல்வதையும் குற்றமாக்கியது.

இதன் விளைவை வீட்டுக்காரரே சுமக்கிறார். தெருவில் நின்று வாசலை மறிக்கும் காருக்கு அபராதம் உண்டு. அதே கார் வீட்டு முற்றத்துக்குள்ளேயே வந்து நின்றுவிட்டாலோ, பெரும்பாலும் அது உரிமையியல் வழக்காகிறது. மாட்டைப் பிடித்த குடியானவனுக்கு இருந்த உடனடி நிவாரணம் இன்று அவருக்கில்லை. சேதத்துக்கு மேல் ஒரு காசும் கேட்கலாகாது என்ற பழைய எல்லையை மீறியவர் வணிகர். உரிமையை இழந்தவரோ, பூட்டால் ஒரு காசும் ஈட்டியிராத வீட்டுக்காரர்.