திங்களும் நாண்மீனும்: தமிழர் முழுமதிப் பெயர்களில் உறையும் கணக்கு

சிக்கல்

சூன் மாதப் பௌர்ணமி வந்தால் தமிழ்ச் செய்தித்தளங்கள் ‘ஸ்ட்ராபெரி நிலவு’ என்று தலைப்பிடுகின்றன. சனவரியில் ‘ஓநாய் நிலவு’ என்கின்றன. வட அமெரிக்கப் பழங்குடி மக்களும் குடியேறியவர்களும் தத்தம் நிலத்து விலங்கையும் விளைச்சலையும் கண்டு வைத்த பெயர்கள் அவை. அந்த மண்ணில் ஆழ்ந்த பொருளுடையவை. அதே இரவுகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களோ வெறும் திருவிழாப் பெயர்களாகச் சுருங்கிவிட்டன. தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம் ஆகிய பெயர்கள் வானை அளந்து சொன்னவை என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூறியது கூறலா?

பௌர்ணமியன்று நிலவு எந்த நாண்மீனோடு நிற்கிறதோ அதன் பெயரே மாதத்துக்கு ஆயிற்று என்பது பலரும் ஏற்ற கருத்து. மகத்திலிருந்து மாசி, விசாகத்திலிருந்து வைகாசி, ஆடம் எனும் மீன் பெயரிலிருந்து ஆடி, பூசத்தின் பழம்பெயரான திஷ்யத்திலிருந்து தை என அவற்றின் வழி காட்டப்படுகிறது. அப்படியானால் ‘தைப்பூசம்’, ‘மாசிமகம்’ என்பவை ஒரே மீனை இருமுறை சொல்லும் ‘கூறியது கூறல்’ ஆகாவா?

ஆகா. தமிழ் மாதம் கதிரவன் ஓர் இராசியைக் கடக்கும் காலம். நாண்மீனோ நிலவு அன்று தங்கும் வீடு. ஆகவே ‘தை’ என்பது கதிரவன் மகரத்தில் நிற்பதையும், ‘பூசம்’ என்பது நிலவு கடகத்தில் நிற்பதையும் சொல்கின்றன. மகரத்துக்கு நேர் எதிர் கடகம். எதிரெதிர் நின்றால் முழுமதி. இரு சொல்லும் சேர்ந்தால்தான் பிறையின் அளவு கிடைக்கிறது.

பௌர்ணமி அல்லாத நாள்களை வைத்து இதைச் சோதிக்கலாம். ஆடிப்பூரத்தில் கதிரவன் கடகத்தில், நிலவு அடுத்துள்ள சிம்மத்தில்; ஆகவே அது எப்போதும் வளர்பிறையின் முற்பகுதி. ஆடிக்கிருத்திகையில் நிலவு கதிரவனுக்குப் பின்தங்கி நிற்பதால் அது எப்போதும் தேய்பிறை. மாதமும் மீனும் தெரிந்தவருக்குப் பிறை தானே தெரியும். ஒரு மீன் ஏறத்தாழ 27 நாளுக்கு ஒருமுறை நிலவைச் சந்திக்கிறது. அச்சந்திப்புகளுள் ஒன்றைப் பிரித்தெடுக்கும் வேலியாகவே மாதப் பெயர் வருகிறது.

பாதக் கணக்கு

மீன் ஒன்றுக்கு 4 பாதம், இராசி ஒன்றுக்கு 9 பாதம். மார்கழியில் முழுமதி மிதுனத்தில் நிற்கும். மிதுனத்தில் மிருகசீரிடத்துக்கு 2 பாதமும், ஆதிரைக்கு 4 பாதமும், புனர்பூசத்துக்கு 3 பாதமும் உரியவை. மாதத்துக்குப் பெயர் தந்த மிருகசீரிடத்தை விட ஆதிரைக்கே இடம் மிகுதி. மார்கழியின் பெருநாள் திருவாதிரையாக அமைந்தது இக்கணக்கோடு பொருந்துகிறது.

ஆவணி இன்னும் அழுத்தமான சான்று. இம்மாதப் பெயர் சிரவணத்திலிருந்து, அதாவது ஓணத்திலிருந்து வந்தது. ஆனால் ஆவணியில் கதிரவன் சிம்மத்தில் நிற்க, முழுமதி கும்பத்தில்தான் அமைய முடியும். ஓணம் முழுவதும் மகரத்துக்குள் அடங்கியது. எனவே சூரிய மாதமான ஆவணியில் நிலவு ஓணத்தில் நின்று முழுமையடைய வழியே இல்லை. கும்பத்தின் முதல் மீன் அவிட்டம். தமிழர் வழக்கு ‘ஆவணி அவிட்டம்’ என்றே அமைந்திருக்கிறது. வடமொழி மாதப் பெயரை அப்படியே பெயர்த்திருந்தால் ஓணம் என்றே வந்திருக்க வேண்டும். இங்கே பெயர் வைத்தவர்கள் சூரிய மாதத்தின் வானத்தைப் பார்த்தே வைத்தார்கள் என்பது என் துணிபு.

இதற்கொரு தடை எழலாம். 2025இல் ஆவணி அவிட்டம் ஆகஸ்ட் 9 அன்று, ஆடி மாதத்திலேயே வந்ததே? அச்சடங்கு யசுர்வேதிகளுக்குச் சந்திரமானச் சிராவணப் பௌர்ணமியைப் பின்பற்றுவது. சந்திரமான ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. ஆகவே சடங்கு வேலி தாண்டுகிறது. பெயரோ சூரிய மாதத்துக்குரிய கணக்கை மாறாமல் காக்கிறது.

இலக்கியச் சான்று

அகநானூற்றின் 141ஆம் பாடல், மழை நீங்கிய வானில் முயற்கறை துலங்க மதி நிறைந்து அறுமீனாகிய கிருத்திகையைச் சேரும் இரவில் ஊர் விளக்கேற்றி விழாக் கொண்டாடுவதைக் காட்டுகிறது. பரிபாடலின் 11ஆம் பாடல் பனிக்காலத்தில் நிறைமதி ஆதிரையோடு கூடிய நாளைச் சொல்கிறது. இரண்டிலும் மீன் உண்டு, பருவம் உண்டு. மாதப் பெயர் இல்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழாவில் சித்திரை மாதமும் சித்திரை மீனும் சேர்ந்தே வருகின்றன. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரின் மயிலைப் பதிகத்திலோ கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் எனத் தொடர்ந்து ஐந்து திங்களின் விழாக்கள் நிரலாக நிற்கின்றன. அவற்றுக்கு முன் அவர் சொல்லும் ஐப்பசி ஓணம் முழுமதி நாள் அல்ல; கணக்கின்படி அது வளர்பிறையின் நடுப்பகுதி. மீனும் பருவமும் என்றிருந்த குறிப்பு மீனும் மாதமும் என வளர்ந்ததை இவ்வரிசை காட்டுகிறது.

மீனும் ஒளியும் பிரியும்போது

விசாகம் இக்கணக்குக்கு இடர் தருவது. வைகாசி முழுமதிக்குரிய விருச்சிகத்தில் விசாகத்துக்கு ஒரே ஒரு பாதம்தான். எனவே விசாக நாளும் பௌர்ணமியும் அடிக்கடி பிரிகின்றன. முருகனின் நாண்மீன் என்பதால் கோயில் விசாகத்தை விடவில்லை. 2024இல் திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபம் டிசம்பர் 13 அன்று கிருத்திகையில் ஏற்றப்பட, முழுமதி 15ஆம் நாள்தான் அமைந்தது. மாத இறுதியில் வந்த அந்த முழுமதி மிருகசீரிடத்துக்கு நகர்ந்துவிட்டிருந்தது. இவ்விடங்களில் கோயில் மீனைப் பின்பற்றியது.

மக்கள் வழக்குக்கோ ஒளி வேண்டும். சித்திரா பௌர்ணமியன்று ஆற்று மணலில் உண்ணும் நிலாச்சோறும், கொங்கு நாட்டுச் சிறுமியர் தைப்பூசத்தை ஒட்டிய இரவுகளில் கூடி எடுக்கும் நிலாச்சோறும் நிலவு இல்லாமல் நடவா. மாசிமகத்தன்று இருளர் மாமல்லபுரக் கடற்கரையில் தங்கி, மணலில் கோயில் அமைத்துக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். ஈழத்தின் கிழக்கே கண்ணகிக்குக் குளிர்த்தி செய்வதும் வைகாசிப் பூரணையை ஒட்டியே. சித்திரையில் மட்டும் மீன் பின்வாங்கிப் ‘பௌர்ணமி’ என்ற சொல்லே பெயரில் நிலைத்ததற்கு இந்த ஒளி நாட்டமும் காரணமாகலாம். துலாத்தில் சித்திரை மீனுக்கு 2 பாதமே உண்டு என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

முடிவு

விலங்கும் கனியும் சுட்டும் பெயர் ஒரு நிலத்தின் பருவத்தைச் சொல்கிறது. நம் பெயர்கள் கதிரவனின் இடம், நிலவின் இடம், அவற்றிடையேயான தொலைவு ஆகியவற்றை இரண்டே சொல்லில் தருகின்றன. பள்ளியில் பன்னிரு மாதங்களை மனப்பாடம் செய்யும் பிள்ளையைத் தைப்பூசத்து மாலையில் வெளியே அழைத்துப் போய், மேற்கே சாயும் கதிரவனையும் கிழக்கே எழும் நிலவையும் ஒருசேரக் காட்டினால் போதும். மேற்கே தை, கிழக்கே பூசம் என்று அது தானே படித்துக்கொள்ளும்.