'வா ஸா டு?': நார்வேயின் எளிய கேள்விகளுக்குள் ஒரு வரலாறு

நார்வேஜிய மொழியைப் புதிதாகக் கற்கத் தொடங்குவோர் முதல் வாரத்தில் மனப்பாடம் செய்யும் கேள்விகள் மிகச் சில. 'வா ஹேட்டெர் டு?' (உன் பெயர் என்ன?), 'வூர் கொம்மெர் டு ஃப்ரா?' (எங்கிருந்து வருகிறாய்?), 'ஸ்னாக்கெர் டு நோர்ஸ்க்?' (நார்வேஜியம் பேசுவாயா?), 'வா கொஸ்ட்டெர் டே?' (என்ன விலை?), 'வா எர் க்லொக்கா?' (மணி என்ன?), 'வா ஸா டு?' (என்ன சொன்னாய்?). இவற்றை நன்கு பழகிக்கொண்டு பெர்கன் நகரத் தெருவில் இறங்கும் மாணவருக்குக் காத்திருப்பது ஒரு திகைப்பு. அங்கே 'வா' இல்லை, 'கா' இருக்கிறது; 'வூர்' இல்லை, 'கூர்' இருக்கிறது. பாடநூல் பிழையானதன்று; தெருவும் பிழையானதன்று. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு வரலாறு நிற்கிறது.

'வூர்' என்பது தமிழ்க் காதில் 'ஊர்' என ஒலிப்பது வெறும் தற்செயலே. அதன் உண்மையான உறவுகள் வேறிடத்தில் உள்ளன. ஆங்கிலத்தின் 'வாட்', லத்தீனின் 'க்விஸ்', சமஸ்கிருதத்தின் 'கிம்', இந்தியின் 'க்யா' ஆகிய வினாச்சொற்கள் எல்லாம் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ஒரே வினா வேரிலிருந்து கிளைத்தவை. அவ்வேரின் முதல் ஒலி ககரம். ஜெர்மானியக் கிளையில் அது ஹகரமாகத் திரிந்து, பழைய நோர்ஸ் மொழியில் 'ஹ்வாட்' என நின்றது. பின்னர் நார்வேயின் மேற்கிலும் வடக்கிலும் 'ஹ்வ' மீண்டும் 'க்வ' அல்லது 'க' ஆயிற்று. எனவே பெர்கன்வாசியின் 'கா', டெல்லிவாசியின் 'க்யா' இரண்டும் தூரத்து உறவே. ஆயினும் பெர்கனின் ககரம் தொன்றுதொட்டு மாறாமல் வந்ததன்று. போய்த் திரும்பி வந்தது.

மற்றச் சொற்களுக்கும் இவ்வாறே காலம் குறிக்கலாம். 'ஹேட்டெர்' மிகப் பழைய உள்நாட்டுச் சொல். ஸ்காண்டிநேவியாவின் தொடக்ககால ரூன் பொறிப்புகளிலேயே, பொறித்தவர் தம் பெயரைச் சொல்லும் இடத்தில் இதன் மூதாதை வருகிறது. 'க்லொக்கா' என்பதன் முதற்பொருள் ஆலய மணி. கிறித்தவத்தோடு வந்த அச்சொல்லைக் கொண்டே நார்வே மக்கள் இன்றும் நேரம் கேட்கிறார்கள். தமிழிலும் நேரத்தை 'மணி' என்றே கேட்பதால் இதில் தமிழருக்கு வியப்பிராது.

'ஸ்னாக்கெர்', 'கொஸ்ட்டெர்' ஆகியவை வணிகர் கொண்டுவந்தவை. ஹான்சா எனப்பட்ட வட ஜெர்மானிய வணிகக் கூட்டணி 1360 அளவில் பெர்கன் துறைமுகத்தில் தன் நிலையத்தை நிறுவியது. வடக்கிலிருந்து உலர்மீனும் தெற்கிலிருந்து தானியமும் அங்கே கைமாறின. கூடவே சொற்களும் கைமாறின. 'எப்படி' எனப் பொருள்படும் 'வூர்டான்' என்ற வினாச்சொல்லும் டேனிய மொழி வழியாக வந்த கீழை ஜெர்மானிய வார்ப்புதான். வினாச்சொல் ஒரு மொழியின் உள்ளறைப் பொருள்; அந்த அளவுக்கு இத்தாக்கம் ஆழமானது.

ஆனால் பாடநூலுக்கும் தெருவுக்கும் இடையிலான பிளவை உண்டாக்கியது வணிகமன்று, ஆட்சி. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் நார்வே டென்மார்க்கோடு ஒரே முடியாட்சியின் கீழ் வந்தது. 1536-37இல் வந்த சமயச் சீர்திருத்தத்தோடு திருச்சபையின் மொழியும் விவிலியத்தின் மொழியும் டேனியமாயின. பழைய நார்வேஜிய எழுத்துவழக்கு அழிந்தது. மக்கள் தத்தம் வட்டார மொழியில் கேட்டார்கள். எழுதும்போது டேனிய மொழியில் எழுதினார்கள். இன்றைய பாடநூலில் 'ஹ்வ' என எழுதி 'வ' என ஒலிக்கச் சொல்லும் விதி அந்த எழுத்துவழக்கின் எச்சம்.

1814இல் டென்மார்க்கின் பிடி நீங்கியது. டேனிய எழுத்து நீங்கவில்லை. சொந்த அரசமைப்புச் சட்டம் பெற்ற நாடு அயலாரின் எழுத்தில் எழுதிக்கொண்டிருந்த இந்த முரணுக்கு இருவர் இருவழிகளில் விடை தேடினர். ஆசிரியரான க்னுட் க்னுட்சென், நகரத்துப் படித்தோரின் பேச்சை அளவுகோலாகக் கொண்டு டேனிய எழுத்தைச் சிறிது சிறிதாக நார்வேஜியமாக்கலாம் என்றார். மேற்குக் கடற்கரையில் எளிய உழவர் குடும்பத்தில் 1813இல் பிறந்த ஈவார் ஆசென் வேறு வழியில் சென்றார். டிரான்ஹைம் அறிவியல் கழகத்தின் உதவித்தொகையோடு 1842 முதல் 1846 வரை ஊர் ஊராகச் சென்று மக்களின் பேச்சைத் திரட்டினார். 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் வெளிவந்தன. வட்டார வழக்குகள் சிதைந்த டேனியம் அல்ல, ஒரே பழைய மொழியின் வாரிசுகள் என்பது அவற்றால் நிறுவப்பட்டது.

1885இல் நாடாளுமன்றம் இருவகை எழுத்துக்கும் சமநிலை அளித்தது. 1929 முதல் அவை பூக்மோல் (நூல் மொழி), நூனொர்ஸ்க் (புது நார்வேஜியம்) என்று வழங்குகின்றன. பூக்மோலில் 'ஹ்வா', 'வூர்டான்'. நூனொர்ஸ்கில் 'க்வா', 'கொர்லெய்ஸ்'. இரண்டையும் ஒன்றாக்க 20ஆம் நூற்றாண்டில் அரசு முயன்றது. 1950களில் பெற்றோர் கிளர்ந்தெழுந்தனர். 2002இல் அம்முயற்சி முறைப்படி கைவிடப்பட்டது.

எழுத்துக்கு இத்தனை போராட்டம் நடந்த நாட்டில் பேச்சுக்கு அதிகாரபூர்வத் தரவழக்கு எதுவும் இல்லை. 1878இலேயே நாடாளுமன்றம், தொடக்கப்பள்ளிக் கல்வி இயன்றவரை குழந்தைகளின் சொந்தப் பேச்சுமொழியில் அமையவேண்டும் எனத் தீர்மானித்தது. அதனால்தான் அமைச்சரும் பேராசிரியரும் தம் ஊர் வழக்கிலேயே பேச முடிகிறது. 'கா' என்று கேட்பவரை எவரும் பாமரர் எனக் கருதுவதில்லை.

மரியாதை வழக்கும் மாறியது. 'நீங்கள்' என்பதற்கு இணையான 'டீ' ஒருகாலத்தில் அந்நியரிடமும் மேலதிகாரியிடமும் கட்டாயம். 1970களுக்குப் பின் அது அன்றாடப் பேச்சிலிருந்து பெரும்பாலும் மறைந்தது. இன்று மருத்துவரையும் ஆசிரியரையும் 'டு' என்றே கேட்கவேண்டும். தமிழ்க் கற்போர் நாவுக்கு இலக்கணத்தைவிட இதுவே கடினம்.

அத்தகைய கற்போர் பலர் நார்வேயின் வடகோடியிலேயே இருந்தனர். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் இலங்கைத் தமிழர் பலர் மக்கள் உயர்பள்ளிகளில் பயில வந்து, பின்னர் ஃபின்மார்க் கரையோர மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். வகுப்பில் கற்பது நூல் மொழி. ஆலையில் கேட்பது வட நார்வேப் பேச்சு. மொழி தெரியாதவருக்கு எல்லாவற்றுக்கும் முன் தேவைப்படும் கேள்வி 'என்ன சொன்னாய்?' என்பது. பாடநூலின்படி அது 'வா ஸா டு?': வினாச்சொல்லை அடுத்து வினை, அதன்பின் எழுவாய். வட நார்வேயிலோ குறுகிய வினாச்சொற்களுக்குப் பின் எழுவாய் முந்திக்கொள்ளலாம்: 'கா டு ஸா?'. இலக்கண நூலின் முதல் விதியை மீறும் இத்தொடரில் 'நீ', 'சொன்னாய்' என்னும் இரண்டும் தமிழில் நிற்கும் வரிசையிலேயே நிற்கின்றன.

முதற்பாடத்தின் அந்த ஐந்தாறு கேள்விகளோடு இந்த வரலாற்றில் ஒரு பக்கத்தையும் சேர்த்துக் கற்பிப்பது நலம். தெருவில் கேட்டது புரியாதபோது, தன் செவியிலோ முயற்சியிலோ குறை என்று கற்பவர் மனம் தளராமல் இருக்க அது உதவும். மறுபடி கேட்கத் தயங்கவும் வேண்டியதில்லை: 'வா ஸா டு?' என்றாலும் 'கா டு ஸா?' என்றாலும் அங்கே பதில் சொல்வார்கள்.