இரண்டு ஆண்டும் முந்நூறு மணி நேரமும்

தொழில் கற்க நினைக்கும் இளைஞருக்கு அரசு திறந்து வைத்திருக்கும் வாசல்களில் பெரியவை இரண்டு. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் நடக்கும் தொழிற்பயிற்சி நிலையம் (ஐ.டி.ஐ.) ஒன்று. 2015 ஜூலையில் வந்த பிரதமரின் கௌஷல் விகாஸ் திட்டத்தின் குறுகிய காலப் பயிற்சி மற்றொன்று. இரண்டும் பிரிவது காலத்திலும் பணம் போகும் வழியிலும்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்கு இரண்டு ஆண்டு. சேர்ந்த புதிதில் பையன் கையில் அரம்தான். வைஸில் பிடித்த இரும்புத் துண்டை ராவுகிறான். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறான். கீற்றாக ஒளி கசிந்தால் மறுபடி ராவுகிறான். அலுப்பூட்டும் வேலை. ஆனால் அளவு கைக்குள் இறங்குவது இப்படித்தான். நாளைக்கு எந்த இயந்திரத்தின் முன் நின்றாலும் அந்தக் கை ஏமாற்றாது.

மற்ற திட்டத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அதன் 2016 வடிவத்தில் ஒரு பயிற்சிக்கு 150 முதல் 300 மணி நேரம். பள்ளியைப் பாதியில் விட்ட பெண் சில மாதங்களில் ஓவர்லாக் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்துவிடலாம். சம்பளம் சீக்கிரம் வரும். அந்த இயந்திரத்துக்கு அப்பால் அவளுக்கு எதுவும் தெரியாது.

ஐ.டி.ஐ.யில் அரசு பட்டறைக்கும் ஆசிரியருக்கும் செலவிடுகிறது. அங்கே ஆபத்து, இயந்திரம் கிழடாவது. தமிழ்நாடு 71 அரசு ஐ.டி.ஐ.க்களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து நவீனமாக்கியதே அதற்குச் சாட்சி. குறுகிய காலப் பயிற்சியில் பணம் தலைக்கு இவ்வளவு என்று பயிற்சி மையத்துக்குப் போனது. 2016 வடிவத்தில் பெரும்பகுதி சான்றிதழ் கட்டத்துக்குள்ளேயே கைக்கு வந்துவிட்டது. வேலை கிடைத்த பின் வந்தது ஐந்தில் ஒரு பங்கு. வேலையைவிடச் சான்றிதழ் முந்திக்கொண்டதில் வியப்பில்லை.

ஆழம் வேண்டுமென்றால் ஐ.டி.ஐ.தான். ஆனால் அந்த ஆழத்துக்கு விலை, சம்பளமில்லாத இரண்டு ஆண்டு. தமிழ்நாடு தரும் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், தகுதியுள்ள மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாயும் அந்த விலையைக் கொஞ்சம் குறைக்கின்றன. ஓவர்லாக் ஓட்டும் பெண்ணுக்கு அதே இயந்திரத்தைப் பிரித்துப் பழுதுபார்க்கவும் ஆசை இருக்கலாம். அவளைத் தடுப்பது பாடமல்ல, வீட்டு வாடகை.