தேயிலைத் தூசியில் தொடங்கிய தேடல்

கேகாலை மாவட்டத்துத் தெஹியோவிட்ட, தேயிலையும் இரப்பரும் வளரும் ஊர். இத்தகைய ஊர்களின் தேயிலை கொழும்பை அடைந்து, சுவைஞர்களின் நாவினாலும் நாசியினாலும் தரம் காணப்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுவைஞர் சிலரை நீங்காத இருமல் பற்றியது.

அதனை ஆராய்ந்தவர் அல்டோ கஸ்டெல்லானி. இத்தாலியரான அவர் 1903 முதல் 1915 வரை கொழும்பில் பணியாற்றினார். காசநோயை ஒத்த இருமலாயினும், காசமென்றே அவர் முடிவுகட்டவில்லை. சளியைச் சோதித்தார், மதுவம் போன்ற பூஞ்சணங்களைக் கண்டார், தேயிலைத் தூசியோடு அவை உட்புகுந்தனவெனக் கருதினார். துரொப்பிக்காலிசு, குரூசை என்னும் இரு பூஞ்சண இனங்களை 1910 இல் அவரே விவரித்தார். 1923 இல் ஒல்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டீன் பெர்க்ஹவுட் வகுத்த கன்டிடா என்னும் குலத்தில் இவை பின்னர் இடம்பெற்றன.

அன்று நுரையீரலோடு சேர்த்துப் பேசப்பட்ட இப்பெயர்கள், இன்று வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் தீவிர சிகிச்சை பெறுவோர் அருகே ஒலிக்கின்றன. காரணம் எளிது. கன்டிடா பலரது குடலில் தீங்கின்றி வாழ்வது. குடல் துளைபட்டாலோ, தைத்த இணைப்புக் கசிந்தாலோ, அது வயிற்றறைக்குள் சிந்துகிறது. பற்றீரியாவை அழிக்கும் மருந்துகள் அதன் போட்டியாளரை அகற்றிவிடுகின்றன. பெருநாளங்களிற் செருகிய குழாய்களும், நாளவழி உணவும், மீண்டும் மீண்டும் செய்யும் சத்திரசிகிச்சையும் அதற்கு வழி திறக்கின்றன. காய்ச்சலன்றித் தனி அடையாளம் இல்லை; இரத்தச் சோதனையும் பலமுறை அதனைத் தவறவிடுகிறது.

மருந்துகளும் வந்தன. 1950 இல் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுணும் நிஸ்டாட்டினை அறிவித்தனர். ஆனால் அது குடலிலிருந்து இரத்தத்திற் சேர்வதில்லை. அதன்பின் வந்த அம்போட்டெரிசின் இரத்தத்திற் பரவிய பூஞ்சணத்தையும் தாக்கியது, சிறுநீரகத்தையும் வருத்தியது. புளுக்கொனசோலைக் குடல் துளையுற்றோருக்கு முன்னதாகவே அளித்தால் வயிற்றறைத் தொற்றுக் குறையுமென 1999 இல் சுவிற்சர்லாந்து வைத்தியர்கள் காட்டினர். எனினும் குரூசை இனம் அம்மருந்துக்கு இயல்பாகவே அடங்குவதில்லை. ஆகவே எல்லோர்க்கும் ஒரே மருந்து என்பது பொருந்தாது. எந்தப் பூஞ்சணம் என்று அறிந்த பின்னரே மருந்தை உறுதிசெய்ய முடியும். உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட பூஞ்சணப் பட்டியலில் துரொப்பிக்காலிசு உயர் முன்னுரிமை பெற்றுள்ளது.

கொழும்பு ஆய்வுகூடத்தில் நடந்ததும் அதுவே: முதலில் நோய்க்கிருமியை அறிதல். ஆனால் அந்த அறிதலுக்குக் காலம் வேண்டும். லயத்தில் ஒருவருக்குக் கடும் வயிற்றுவலி கண்டு, வயிறு பலகைபோல் இறுகினால், மறுநாட் காலைப் பிரட்டுவரை காத்திருப்பது அந்தக் காலத்தை வீணாக்குவதாகும். உடனே வைத்தியசாலை சேர்வதே உயிர்காக்கும் முதற்படி.