மிச்சிகனில் பிறந்த திருத்தச் சீட்டு

ஓர் ஊழியரின் மின்னஞ்சல் முகவரி மாறிவிட்டது. நிர்வாகி கறுப்புத் திரையின் முன் அமர்ந்து நாலு வரி எழுதுகிறார். முதல் வரியில் அந்த ஊழியரின் பதிவு எந்தக் கிளையில் இருக்கிறது என்ற முழு விலாசம். இரண்டாவது, இது திருத்தம் என்ற அறிவிப்பு. மூன்றாவது, எந்தப் புலத்தை மாற்றுவது. நான்காவது, புதிய மதிப்பு. இன்னொரு புலத்தையும் மாற்ற வேண்டுமானால் நடுவில் ஒரு சிறுகோடு. 'எல்டாப்மாடிஃபை' என்ற கட்டளை அந்தச் சீட்டைப் படித்து, இத்தகைய பதிவுகள் இருக்கும் டைரக்டரியைத் திருத்திவிடுகிறது. சீட்டின் வடிவத்துக்கு எல்டிஃப் என்று பெயர்.

டைரக்டரிக்கு முந்தைய யூனிக்ஸ் நாட்களில், ஒரு கணினியின் பயனர்கள் அத்தனை பேரும் ஒரே உரைக்கோப்பில் வரிவரியாக இருந்தார்கள். இருவர் ஒரே நேரத்தில் அதைத் திறந்து திருத்தினால், பின்னால் சேமித்தவரின் திருத்தம் மட்டுமே மிஞ்சும். அதைத் தடுக்க, கோப்பைப் பூட்டிவிட்டுத் திறக்கும் 'வி.ஐ.பி.டபிள்யூ' என்ற கட்டளை வந்தது. ஒரு கணினிக்கு அது போதும். ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போதாது.

1988இல் உலகம் முழுவதற்குமான டைரக்டரி என்ற கனவோடு எக்ஸ்.500 தரம் வெளிவந்தது. கனவு பெரிது, சுமையும் பெரிது. அதோடு பேச ஓ.எஸ்.ஐ. நெறிமுறை அடுக்கு முழுவதும் வேண்டும். அன்றைய மேசைக் கணினிகளால் அதைத் தூக்க முடியவில்லை. ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸும் சகாக்களும் முதலில் 'டிக்ஸி' என்ற எளிய இடைவழியை அமைத்து, 1991இல் வெளியிட்டார்கள். 1993இல் ஹோவ்ஸ், வெங்யிக் யோங், ஸ்டீவ் கில் மூவரின் பெயரில், டைரக்டரியோடு பேசுவதற்கான எல்டாப் நெறிமுறை வந்தது. தொடக்கத்தில் அது எக்ஸ்.500 மாளிகையின் வாசல் மட்டும்தான். 1995இல் மிச்சிகன்காரர்கள் எழுதிய 'ஸ்லாப்டி' என்ற சர்வர், பின்னால் மாளிகையே இல்லாமல் தனித்து நின்றது.

எல்டிஃப் பிறந்தது அந்த மிச்சிகன் மென்பொருளுக்குள்தான். முதலில் பதிவுகளை எழுதிக் காட்ட மட்டுமே பயன்பட்டது. மாற்றங்களை எழுதும் வசதி பின்னால் சேர்ந்தது. இந்த வரலாற்றில் பெரிய திருப்பம் இதுதான் என்று சொல்லலாம். பதிவைத் தேடும் கட்டளை விடையைத் தருவதும் எல்டிஃபில், திருத்தும் கட்டளை ஆணையை வாங்குவதும் எல்டிஃபில். படிக்கிற மொழியே எழுதுகிற மொழியும் ஆயிற்று. ஒரு பதிவுக்கான சீட்டில் எத்தனை திருத்தம் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து நடக்கும், அல்லது ஒன்றுகூட நடக்காது. பாதித் திருத்தத்தோடு ஒரு பதிவு தொங்கி நிற்பதில்லை.

1997 டிசம்பரில் வந்த எல்டாப்பின் மூன்றாம் பதிப்பு யு.டி.எஃப்-8 குறியாக்கத்தை ஏற்றது. தமிழ்ப் பெயருக்கு டைரக்டரியில் இடம் கிடைத்தது அப்படித்தான். ஆனால் எல்டிஃப் சீட்டில் அந்தப் பெயர் தமிழாகத் தெரியாது. ஆஸ்கிக்கு வெளியே உள்ள எதையும் பேஸ்64ஆக மாற்றி, முன்னால் ஒன்றுக்குப் பதில் இரண்டு முக்காற்புள்ளிகள் இட வேண்டும். 'ராமன்' என்ற பெயர் யு.டி.எஃப்-8இல் 15 பைட். சீட்டில் 20 எழுத்து. கூர்ந்து பார்த்தால் ஒரு தடயம் தெரியும்: இடைவெளி இல்லாத தமிழ்ப் பெயரின் பேஸ்64 எழுத்துகளை நாலு நாலாகப் பிரித்தால், ஒவ்வொரு தொகுதியும் '4', 'கே' என்றே தொடங்கும்.

ஹோவ்ஸும் சகாக்கள் சிலரும் 1996இல் நெட்ஸ்கேப்புக்குப் போனார்கள். மிச்சிகனின் மூலநிரலை எடுத்து 1998இல் கர்ட் ஸைலெங்கா ஓப்பன்எல்டாப் என்ற மென்பொருள் திட்டத்தைத் தொடங்கினார். 2000 ஜூனில் கார்டன் குட் எழுதிய ஆவணம் எல்டிஃபை முறையான தரமாக்கியது. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 2000இன் ஆக்டிவ் டைரக்டரியும் எல்டிஃப் படிக்கும் கட்டளை ஒன்றோடுதான் வந்தது.

இன்றும் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திருத்தும் முன் பழைய பதிவைத் தேடி எடுத்து, திருத்தச் சீட்டோடு சேர்த்து, தேதியிட்டு வையுங்கள். இரண்டும் ஒரே வடிவில் இருப்பதால், உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவருக்கு எது எப்போது மாறியது என்பது படித்தவுடன் புரியும்.