ஆவாரையும் சீகையும்

சரித்திரம் என்றால் கோட்டையும் கொத்தளமும்தான் என்று நம்புகிறவர்கள் வேலூர்க் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். என் சிபாரிசு, ஆம்பூர் ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியையும் ஒரு பார்வை பார்க்கவேண்டும் என்பது. வானம் பார்த்த பூமி, கொளுத்தும் வெயில். அந்தச் சீதோஷ்ணத்துக்கென்றே பிறந்த செடி அது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல்கள் ஒரு காலத்தில் அதன் பட்டையில் ஊறித்தான் பதமாயின.

வியாபாரம் பெருகியது; பட்டை போதவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்தது. ஆஸ்திரேலியாவைப் பூர்விகமாகக் கொண்ட அந்த மரத்தை வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே நீலகிரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அங்கே அதற்குச் சீகை என்று பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு, வனத்துறை அதை மலைப் புல்வெளிகளில் பெருவாரியாக நட்டது. வெறும் புல்தானே, வீணாகக் கிடக்கிறதே என்பது அன்றைய அபிப்பிராயம்.

வெறும் புல்லா? அதன் பூர்வ கதையைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீலகிரிச் சதுப்புகளில் மக்கிக் கிடக்கும் கறுப்பு மண்ணைச் சுகுமார், ரமேஷ் முதலிய விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 1993இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார்கள். வறட்சி தாங்கும் புல்லில் கார்பன்-13 சற்றுக் கூடுதல், மரங்களில் குறைவு. செத்து மக்கிய பிறகும் அந்த அடையாளம் அழிவதில்லை. அடுக்கடுக்காக அளந்தால் 20,000 வருஷத்துப் பஞ்சாங்கம்! பூமியின் வடபாகம் பனிக்கட்டிக்குள் கிடந்த நாளில் இங்கே பருவமழை நலிந்து, வறட்சிப் புல் ஓங்கியது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் மழை வலுத்தது. மரமும் ஈரம் விரும்பும் செடிகளும் முன்னேறின. பின்னர் மறுபடி வறட்சி, மறுபடி புல். பாளையக்காரர்களின் எல்லைத் தகராறெல்லாம் இதற்கு முன் எம்மாத்திரம்?

மழைக்கு அடுத்தபடி புல்லுக்குக் காவல் உறைபனி. மார்கழி, தை இரவுகளில், திறந்த வெளியில் முளைத்த சோலைமரக் கன்று கருகிவிடும். புல் வேரிலிருந்து மீண்டும் தழைக்கும். சீகையோ அந்தப் பனியையும் ஓரளவு தாங்கிவிடுகிறது. பூமி சூடேறிப் பனி குறைந்தால், புல் விட்ட இடத்தைச் சோலை பிடிப்பதற்குள் சீகை பிடித்துக்கொள்ளும் என்றே அஞ்சுகிறேன்.

இன்று தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பில் பதமாகிறது. மலைச் சீகையை நம்பி ஆம்பூர் இல்லை. சீகைக்கு அது தெரியுமா? வெட்டிய இடத்திலேயே, மண்ணில் பல வருஷமாகக் கிடந்த விதைகள் முளைக்கின்றன. நட்ட வனத்துறையே அவற்றைப் பிடுங்கிவிட்டு இப்போது புல் நட்டுக்கொண்டிருக்கிறது.