உகிருக்குச் செம்மையூட்டிய கலை

பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை பகாங் எல்லையைக் கடந்தபின் முதலில் எதிர்ப்படும் ஊர் ரிங்லெட். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைநாட்டைக் கண்டு குறித்தார்; அவர் பெயராலேயே இது கேமரன் மலை என வழங்குகிறது. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் எழுந்தது. காட்டைத் திருத்திச் செடி நட்டுக் கொழுந்து கிள்ளிய தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள்.

கொழுந்து கிள்ளுதல் பெரும்பாலும் பெண்களின் பணியாக இருந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒடித்து, முதுகில் தொங்கும் கூடையில் இடவேண்டும். இலையின் சாறு விரலில் பட்டுப் பட்டுக் கறையாகும். நகக்கண்ணில் படிந்த கறை எளிதில் போகாது. அக்கைகள் கிள்ளிய கொழுந்தின் எடையைத் தோட்டத்துக் கணக்கேடு நாள்தோறும் எழுதி வைத்தது. அதே கைகள் தீபாவளிக்கு முன்னாள் இரவில் எந்நிறம் பூண்டன என்பதை எந்த ஏடும் எழுதவில்லை. கறை படிந்த நகத்திற்குச் செம்மையூட்டும் மருதாணிக் கலைக்கு எழுதிய வரலாறு குறைவு. ஆயினும் வரலாறு இல்லாமற் போகவில்லை. அது செடிகளின் பெயர்களிலும், இல்லத்துப் பெண்களின் கைப்பழக்கத்திலும் தங்கியிருக்கிறது.

பெயர் காட்டும் வரலாறு

நகத்திற்குப் பழந்தமிழ் வழங்கிய பெயர் உகிர். கன்னடத்தில் உகுரு என்பதும் தெலுங்கில் கோரு என்பதும் இதன் இனச்சொற்களே என்பர் மொழிநூலார். தெலுங்கர் மருதாணியைக் கோரிண்ட என்கின்றனர். அப்பெயரில் நகத்தைக் குறிக்கும் கோரு என்னும் சொல்லின் ஒலி கேட்கிறது. வடமொழி இதனை நகரஞ்சனி என்கிறது. நகத்திற்கு நிறம் ஊட்டுவது என்பது பொருள். தமிழில் மருதாணி, மருதோன்றி, ஐவணம், அழவணம் எனப் பல பெயர்கள் உள. இன்று மருதாணி என்றதும் உள்ளங்கைக் கோலமே நினைவுக்கு வருகிறது. ஆனால் பெயர்களை நோக்கினால், இச்செடியின் பணிகளுள் நகத்தைச் சிவப்பித்தல் தலையாயதாகக் கருதப்பட்டமை விளங்கும்.

தமிழ்ப் பெண்டிர் அறிந்த செஞ்சாயம் இஃது ஒன்றே அன்று. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி தன்னை அணி செய்துகொள்ளும் இடத்தில், அவள் சீறடிக்கு அலத்தகம் ஊட்டப்படுகிறது. அலத்தகம் என்னும் செம்பஞ்சுக் குழம்பு அரக்குப் பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம். அது தோலின்மேல் படிந்து நின்று விரைவில் கழுவப்பட்டுவிடும். மருதாணியோ உள்ளே ஊறி நிற்பது. முன்னது ஆடரங்கிற்கும் அரண்மனைக்கும் உரிய ஒப்பனையாக இலக்கியத்தில் இடம்பெற்றது. பின்னது வேலியோரத்துச் செடியாக நின்று, ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் செலவின்றிக் கிடைத்தது.

சீனத்து நகப்பூ

கேமரன் மலையில் தமிழரின் அண்டையராய் வாழ்வோர் சீனரும் மலாய்க்காரரும் ஆவர். இவ்விரு மரபினரும் நகச் சாயத்தை நெடுங்காலமாக அறிந்தவர்கள்.

சீனத்தில் சீ ஹான் என்பார் பெயரால் வழங்கும் தென்னாட்டுச் செடிகொடி நூல் ஒன்று உண்டு. அதனைக் கி.பி. 304ஆம் ஆண்டினது என்பது மரபு. பிற்காலத்தது எனக் கருதும் அறிஞரும் உளர். அந்நூல் நகப்பூ என்னும் பெயருடைய வெண்பூச் செடி ஒன்றைக் கூறி, அதனை அயலார் மேற்றிசை நாட்டிலிருந்து கொணர்ந்து தென்கடல் நாட்டில் நட்டனர் என்கிறது. அது மருதாணியே என்பது பலர் கருத்து.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோ மி என்னும் சீன எழுத்தாளர், காசித்தும்பையால் நகத்திற்குச் சாயமேற்றும் முறையைத் தெளிவாகக் குறித்துள்ளார். செந்நிறக் காசித்தும்பையின் இலையை இடித்துச் சிறிது படிகாரம் சேர்த்து, கழுவிய நகத்தில் வைத்துத் துணித்துண்டால் சுற்றி இரவு முழுதும் விடவேண்டும். முதல் முறை நிறம் வெளிறியே இருக்கும். மூன்று முதல் ஐந்து முறை செய்தால் செங்குழம்பின் நிறம் பெறும். கழுவினாலும் போகாது, நகம் வளர்ந்து நீங்கும்போதே நீங்கும் என்பது அவர் தரும் செய்தியின் சாரம். கொரியாவிலும் ஜப்பானிலும் இவ்வழக்கம் பரவியிருந்தது. விரலில் ஏற்றிய நிறம் முதற்பனி பெய்யும்வரை நின்றால் முதற்காதல் கைகூடும் என்பது கொரியர் நம்பிக்கை.

மலாய்க்காரரின் இனாய்

மலாய்க்காரர் மருதாணியை இனாய் என்பர். திருமணத்தில் இனாயிடும் சடங்கு சிறப்புடையது. களவாக இடும் இனாய், சிறு இனாய், பெரு இனாய் என அது மூன்று இரவுகளுக்கு விரிவதும் உண்டு. மணமக்களின் விரல்நுனியும் நகமும் சிவப்பாக்கப்படும். இந்தோனேசியத் தீவுகளில் மருதாணிக்குப் பாச்சார் என்று பெயர். காசித்தும்பையைப் பாச்சார் ஆயர், அஃதாவது நீர் மருதாணி என்கின்றனர். இருசெடிகளும் ஒரே பணியைச் செய்வன என்பதைப் பொதுமக்கள் கண்டறிந்து பெயரிட்ட திறம் இது. இரண்டிலும் லாசோன் என்னும் ஒரே சாயப்பொருள் உண்டு என்பதைப் பின்னர் வேதியியல் உறுதி செய்தது. மருதாணிச் செடிக்கு 1753இல் லின்னேயஸ் வழங்கிய பெயர் ஐசக் லாசன் என்னும் மருத்துவரைச் சிறப்பிப்பது. சாயப்பொருளின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது.

மருதாணி வெயிலும் வறட்சியும் விரும்பும் செடி. மலைநாட்டின் குளிரும் மழையும் அதற்கு ஒவ்வா. காசித்தும்பையோ ஈர மண்ணில் எளிதில் முளைக்கும். ஆதலின் இத்தகைய மலைநாட்டில் வாழ்வோர் மருதாணித் தழையையோ பொடியையோ கீழிருந்து வருவித்துக்கொள்ள வேண்டியவராகின்றனர்.

இல்லத்தில் செய்யும் முறை

இக்கலைக்கு ஆசான் வேண்டுவதில்லை. அம்மியும் பொறுமையும் போதும். பச்சை இலையைக் காம்பு நீக்கி, சிறிது களிப்பாக்கும் புளி அல்லது எலுமிச்சைச் சாறும் சேர்த்து மைபோல் அரைப்பர். தேயிலைச் சாயத்தை வடித்துக் கலப்பதும் உண்டு. கொழுந்து கிள்ளும் கையைக் கறைப்படுத்திய இலையே இவ்வாறு அதே கையை அழகு செய்யவும் துணை நிற்கிறது.

நகத்தை முதலில் எண்ணெய்ப் பசையின்றிக் கழுவித் துடைக்கவேண்டும். அரைத்த விழுதை விரல்நுனி முழுதும் மூடும்படி அப்புவதைத் தொப்பி வைத்தல் என்பர். நகம் மட்டும் சிவக்கவேண்டின் சுற்றியுள்ள தோலில் முன்னரே எண்ணெய் தடவிக்கொள்ளலாம். உள்ளங்கை நடுவே ஒரு வட்டமும் அதைச் சூழச் சில புள்ளிகளும் வைத்தால், தொடக்கத்தில் பழகுவோர்க்கு அதுவே போதிய கோலம். ஓரிரவு கழித்து விழுதை உதிர்த்துவிட்டுச் சில மணிநேரம் நீர் படாமல் காக்கவேண்டும். முதலில் செம்மஞ்சளாகத் தோன்றும் நிறம் ஓரிரு நாளில் முதிர்ந்து கருஞ்சிவப்பாகும்.

புளிப்புச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. இலையில் கட்டுண்டிருக்கும் லாசோனை வெளிப்படுத்த அது துணைபுரிகிறது. வெளிப்பட்ட லாசோன் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. தோலின் மேற்படலம் சில வாரங்களில் உதிர்வதால் உள்ளங்கைக் கோலம் மறைகிறது. நகம் உதிர்வதில்லை, வளர்கிறது. மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும் கைந்நகத்தில், நிறம் அடியிலிருந்து மெல்ல மேலேறி, முழுதும் நீங்க 4 முதல் 6 மாதம் ஆகும்.

எச்சரிக்கை இரண்டு உண்டு. கருமருதாணி என விற்கப்படுவனவற்றில் பாரா பினைலீன் டையமின் என்னும் செயற்கைச் சாயம் சேர்க்கப்படுவது உண்டு. அது தோலில் கொப்புளமும் நீங்காத ஒவ்வாமையும் உண்டாக்கலாம். ஜி6பிடி என்னும் நொதி குறைந்து பிறந்த குழந்தைகளுக்குத் தூய மருதாணியும் இடலாகாது. அவர்களின் குருதிச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும்.

புட்டியில் வந்த நிறம்

1917இல் கியூடெக்ஸ் நிறுவனம் நீர்ம நகப்பூச்சை அமெரிக்கச் சந்தையில் விற்கத் தொடங்கியது. 1932இல் ரெவ்லான் நிறுவனம் தோன்றிப் பல நிறங்களைப் பரப்பியது. இப்பூச்சின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது நகத்தின்மேல் மெல்லிய ஏடாகப் படிந்து காய்கிறது. வேண்டும்போது துடைத்து நீக்கலாம். இவ்வேற்றுமை வழிபாட்டிலும் பொருளுடையது. தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவும்போது நகத்தில் நீர் படவேண்டும் என்பது இசுலாமிய முறை. பூச்சு நீரைத் தடுக்கும். ஊறிய இனாய் தடுப்பதில்லை. புட்டி வந்த பின்னும் இனாய் மறையாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

எழுதப்பட வேண்டிய ஏடு

1938இல் இந்திய அரசு மலாயாவிற்குத் தொழிலாளரை உதவி கொடுத்து அனுப்புவதைத் தடை செய்தது. அதன்பின் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களே பெரிதும் தோட்டத் தமிழராயினர். இன்று அவர்தம் மக்கள் பலர் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். கேமரன் மலைத் தோட்டங்களில் கத்தரியும் பொறியும் கொழுந்து கொய்கின்றன. அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் பணிபுரிகின்றனர். ஆயினும் மலேசியத் தமிழர் இல்லங்களில் தீபாவளிக்கும் திருமணத்திற்கும் மருதாணியிடும் வழக்கம் நிற்கவில்லை.

நகத்தில் ஏறிய நிறம் ஆறு திங்களுக்குமேல் நில்லாது. அதனைக் கல்வெட்டிலோ அருங்காட்சியகத்திலோ தேட இயலாது. கொழுந்து கிள்ளிய முதிய பெண்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். தழை எங்கிருந்து வந்தது, யார் அரைத்தார், யார் யாருக்கு இட்டார் என்பனவற்றை அவர்களிடம் கேட்டு எழுதுதல் கடினமன்று. அவ்வாறு எழுதினால், எடைக்கணக்கில் மட்டும் இடம்பெற்ற கைகளுக்கு வரலாற்றிலும் ஓர் இடம் கிடைக்கும்.